கீழக்கரைக்கும் ஒரு பகலை ஒதுக்குங்கள்

இராமேசுவரம் செல்லும் வண்டிகள் இராமநாதபுரத்தைக் கடந்ததும் பாம்பன் பாலத்தை நோக்கி விரைந்துவிடுகின்றன; தெற்கே சுமார் 17 கிலோமீட்டரில் உள்ள கீழக்கரைக்குத் திரும்புவோர் மிகச் சிலரே. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்ட நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பழைய ஜும்மா பள்ளிவாசலுக்குள் அனுமதி கேட்டுச் சென்ற நான், தூண்களின் முன்னே வெகுநேரம் நின்றுவிட்டேன். பூவும் கொடியும் செதுக்கிய கல், தலைப்பில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை என, சிறுவயதில் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் முதுகு சாய்த்து உட்கார்ந்த அதே தூண்கள்தாம் அவை. அவற்றில் உருவங்கள் மட்டும்தான் இல்லை. இதைக் காட்டி "மத நல்லிணக்கத்தின் சின்னம்" என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. எவருக்கும் எடுத்துக்காட்டாக இருப்பதற்கென்று அதை யாரும் கட்டவில்லை. தொழச் சென்றவரும் கல் செதுக்கியவரும் ஒரே மண்ணின் மக்கள். அந்தச் சிற்பிகளுக்குத் தெரிந்த தூண் அதுதான்.

"செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று நாம் சொல்லும் வள்ளல், 17ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் வாழ்ந்த கடல் வணிகர். இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் நண்பரான அவர், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தார்; சைவரான படிக்காசுப் புலவரும் அவரைப் பாடினார். டச்சுக்காரர்களும் இங்கே பண்டகசாலை வைத்திருந்தனர். அருகிலுள்ள பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன.

அந்தக் கடல்வழி உறவு இன்றும் நாவில் இருக்கிறது. தேங்காய்ப்பாலையும் அரிசிமாவையும் இனிப்புச் சேர்த்து, எண்ணெய் பிரிந்து வரும்வரை மணிக்கணக்கில் கிண்டி எடுக்கும் தொதல், இலங்கையிலும் மலேசியாவிலும் ஏறத்தாழ இதே பெயரில் கிடைக்கிறது. நான் சென்ற கடையில், முதிய கடைக்காரர் கத்தியால் ஒரு துண்டை நறுக்கி நீட்டி, "தின்னு பாருங்க தம்பி, பிடிச்சா வாங்கலாம்" என்றார். விரலில் ஒட்டிய எண்ணெயின் தேங்காய் மணம் பேருந்து ஏறிய பிறகும் போகவில்லை.

செல்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கீழக்கரை காட்சிப் பொருள் அன்று; மக்கள் குடியிருக்கும் ஊர். வெள்ளிக்கிழமை நண்பகலையும் தொழுகை நேரங்களையும் தவிர்த்து, உடையில் கவனம் வைத்து, பள்ளிவாசலில் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள். தெருவில் செல்லும் பெண்களைப் படம் எடுக்காதீர்கள். தங்கும் விடுதிகளும் நுழைவுச் சீட்டும் வந்தால்தான் ஊர் வளரும் என்போர் இருக்கிறார்கள். எனக்கோ வெளியூரார் பயன்படுத்த ஒரு தூய்மையான கழிப்பறையும் மாலையில் இராமநாதபுரம் திரும்ப ஒழுங்கான பேருந்தும் இருந்தாலே போதுமென்று தோன்றுகிறது.