ஒரே சதவீதத்தில் அடங்காது
மறதிநோய் (டிமென்ஷியா) பற்றி ஒரு கட்டுரை படித்தேன். 60 வயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேருக்கு அந்த நோய் என்று ஒரே சதவீதத்தில் சொல்லி முடித்துவிட்டது. 65-க்குப் பிறகு ஏறக்குறைய 5 வருடத்துக்கு ஒருமுறை இந்த விகிதம் இரட்டிப்பாகிறது. 62 வயதுக்காரரையும் 85 வயதுக்காரரையும் ஒன்றாகப் போட்டுச் சொன்னால் என்ன புரியும்?

கணக்கெடுக்கும் விதமும் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் குறைவாகத்தான் வரும். 'வயசானா மறதி வரத்தானே செய்யும்' என்று பலரை டாக்டரிடமே காட்டுவதில்லை. வீடு வீடாகப் போனால் வேறு சிக்கல்: மூளைத்திறனைச் சோதிக்க 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். பள்ளிக்கூடமே போகாத பாட்டி தடுமாறினால் அது நோயா? சில்லறையைச் சரியாக எண்ணி வாங்குகிறாரா, போட்ட மாத்திரையையே திரும்பப் போடுகிறாரா என்று கூட இருப்பவரிடமும் கேட்க வேண்டும். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு இருந்தாலும் மறதிநோய் போலத் தெரியலாம். அதைக் கட்டுரை தொடவே இல்லை.