எல்லாவற்றுக்கும் ஒரே நேரமா?
இலையுதிர்க்கும் பூச்செடி எதுவானாலும் குளிர்காலம் முடியும்போது ஒட்ட வெட்டலாம் என்று செடி கத்தரிப்பது பற்றிய இந்தக் கட்டுரையில் இருக்கிறதே, அது பாதிதான் சரி. ஜப்பானிய ஸ்பைரியா புதர் மாதிரி கோடையில் பூப்பவை அந்த வருடத்துப் புதுக் கிளையில் பூக்கும், தாராளமாக வெட்டலாம். ஆனால் வசந்தத்தில் பூக்கும் ஃபோர்சித்தியா, லைலாக் புதர்கள் எல்லாம் போன கோடையிலேயே மொட்டு கட்டி வைத்துவிடும். தெரியாமல் என் குட்டை லைலாக்கை அப்படித்தான் மொட்டையடித்தேன். வெட்டிப்போட்ட குச்சிகளின் நுனியில் இரண்டிரண்டாகக் குண்டு மொட்டுகள், அப்போதும் உறைக்கவில்லை, அந்த வருடம் வெறும் இலைதான். இப்படி முன்கூட்டியே மொட்டு கட்டும் செடிகளைப் பூ உதிர்ந்த கையோடு வெட்ட வேண்டும். மேலே கருத்து எழுதிய ஒருவர் குட்டை லைலாக் ரகத்துக்குக் கத்தரியே வேண்டாம் என்கிறார். உயரத்துக்காக வேண்டாம், சரி. ஆனால் நடுவில் கிழட்டுக் கிளைகள் அடைத்துக்கொள்ளுமே, வருடத்துக்குச் சிலவற்றையாவது அடியோடு எடுக்க வேண்டாமா?