தென்னையடிக் காளான் கட்டியைக் கரைக்குமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "தென்னை அடியில் முளைக்கும் சிவப்புக் காளான்தான் ரெய்ஷி. மரத்தையே கரைக்கும் என்சைம் அதில் இருக்கிறது. கொதிக்கவைத்துக் குடித்தால் உடம்பில் உள்ள கட்டியும் கரையும்." இது தவறு.

ரெய்ஷி என்பது கிழக்காசிய மரபு மருத்துவத்தில் பயன்படும், கானோடெர்மா வகையைச் சேர்ந்த காளான். இந்த வகைக் காளான் மரத்தை மட்கச் செய்வது உண்மைதான். அதன் பூஞ்சை இழைகள் லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்சிடேஸ் போன்ற நொதிகளை (என்சைம்களை) வெளியே கசியவிட்டு, மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினைச் சிதைக்கின்றன. ஆய்வகத்தில், குவையகோல் என்ற வேதிப்பொருள் கலந்த அகார் கூழ்த் தட்டில் வளர்த்தால், இழையைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் படரும். லாக்கேஸ் சோதனையே அதுதான். ஆனால் மனித உடம்பில் லிக்னின் கிடையாது, கட்டியிலும் கிடையாது. நொதி என்பது புரதம். கொதிநீரில் செயலிழக்கும், தப்பியது வயிற்றில் செரிக்கும். கொதிக்கவைக்கச் சொல்லும்போதே அந்தச் செய்தி தன்னையே மறுத்துவிடுகிறது!

ரெய்ஷி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அதன் பாலிசாக்கரைடு, டிரைடெர்பீன் ஆகிய வேதிப்பொருள்களைப் பற்றியவை, நொதியைப் பற்றியவை அல்ல. உண்மையான ரெய்ஷியும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மாற்றல்ல. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. கானோடெர்மாவில் பல இனங்கள் உண்டு. நிறத்தை வைத்து இனம் சொல்ல முடியாது.

தென்னையடியில் அது முளைத்தால் மருந்தல்ல, தஞ்சாவூர் வாடல் நோய். தண்டின் அடியில் செம்பழுப்புச் சாறு வடிகிறதா பாருங்கள். மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடலாம். 1 சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி) 40 லிட்டரை வேர்ப்பகுதி நனைய ஊற்றலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

அந்தச் செய்தி வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதை அனுப்புங்கள்.