நிலாவுக்கும் அந்தச் சொல்லுக்கும் என்ன சம்பந்தம்?

மறுபடியும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. அல்லாஹ் என்பது அரபிகளின் நிலாக் கடவுள் பெயராம், அதனால்தான் மசூதி உச்சியில் பிறை வைக்கிறார்களாம். கீழே வரிசையாகக் கைதட்டல்கள். ஒரு ஆள், ஒரே ஒரு ஆளாவது இது உண்மையா என்று கேட்க வேண்டாமா? பற்றிக்கொண்டு வருகிறது.

அரபியில் நிலாவுக்குக் கமர், பிறைக்கு ஹிலால். இலாஹ் என்றால் தெய்வம், எந்தத் தெய்வமும். முன்னால் 'அல்' சேர்ந்தால் அது குறிப்பிட்ட அந்த ஒன்று, அல்-இலாஹ்தான் வாயில் புழங்கித் தேய்ந்து அல்லாஹ் ஆனது என்பதே மொழி அறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து, சிரியாக் மொழியின் அலாஹாவிலிருந்து வந்தது என்போரும் உண்டு. சிலுவையில் இயேசு "எலோயீ, எலோயீ" என்று கதறினாரே, அந்த அரமேயச் சொல்லும் இதே வேர்தான். குர்ஆனோ 41ஆம் அத்தியாயம் 37ஆம் வசனத்தில் சூரியனையும் சந்திரனையும் வணங்காதீர்கள், அவற்றைப் படைத்தவனை வணங்குங்கள் என்று நேராகவே சொல்கிறது. பிறைச் சின்னம் பரவலானதெல்லாம் நபிகளுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, துருக்கி ஒட்டோமான்கள் காலத்தில்.

சரி, இந்தப் பக்கம் இப்படி என்றால் அந்தப் பக்கம் இன்னொரு கூட்டம், இந்தச் சொல் முஸ்லிம்களுக்கு மட்டுமே சொந்தம் என்று. நபிகளின் தந்தை பெயரே அப்துல்லாஹ், அல்லாஹ்வின் அடிமை என்று பொருள், அவர் இஸ்லாம் வருவதற்கு முன்பே இறந்துபோனவர். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் இன்றைக்கும் அல்லாஹ் என்றுதான் ஜெபிக்கிறார்கள். கத்தோலிக்க மால்டாவில் பூசை வைக்கும் பாதிரியார் வாயிலும் 'அல்லா'தான். 1865இல் பெய்ரூட்டில் முடிந்த அரபு பைபிளில் ஆதியாகமத்தின் முதல் வரியே "ஃபில் பத்இ கலகல்லாஹு" என்றுதான் தொடங்குகிறது, ஆதியிலே தேவன் சிருஷ்டித்தார் என்று நாம் படிக்கிற அதே வரி.

இவ்வளவு இருந்தும் மலேசியாவில் என்ன நடந்தது? 2008இல் சரவாக்கைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவப் பெண்மணி இந்தோனேசியாவிலிருந்து கொண்டுவந்த 8 சிடிக்களை விமான நிலையத்தில் பறித்துக்கொண்டார்கள், தலைப்பில் அல்லாஹ் என்று இருந்ததாம். அவர் வழிபாட்டுக்கு வைத்திருந்த பொருள் அது, கடத்தல் சரக்கா? கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அந்தச் சொல்லைப் பயன்படுத்த அவருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது 2021இல். தன் கடவுளைத் தன் மொழியில் கூப்பிட ஒரு மனுஷி 13 வருடம் கோர்ட் படியேறி அலைய வேண்டும் என்றால், இது எந்த ஊர் நியாயம்?