கேபிள் டிஸ்க் பிரேக்கைத் திட்டுவதற்கு முன்

சைக்ளோகிராஸ் சைக்கிள் (சேறு, மண் பாதையிலும் ஓடும் பந்தய சைக்கிள்) வாங்கும் தம்பிகள் எல்லாரும் இப்போது ஒரே பாட்டுத்தான் பாடுகிறார்கள்: "அண்ணே, கேபிள் டிஸ்க் வேஸ்ட். ஹைட்ராலிக் போட்டால்தான் பிரேக்." இரண்டும் சக்கரத்தின் நடுவே உள்ள உலோகத் தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்தான்; ஒன்றைக் கேபிள் இழுக்கும், மற்றதை எண்ணெய் அழுத்தும். முழு சைக்கிளையே புதுசாக வாங்குகிறீர்கள், கையில் காசும் இருக்கிறது என்றால் ஹைட்ராலிக்கே எடுங்கள், எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை. ஆனால் நன்றாக வேலை செய்யும் கேபிள் ஷிஃப்டரைப் பிரேக்குக்காகக் கழற்றிப் போடுவது வீண். டிராப் பாரில் (கீழே வளைந்த ஹேண்டில்பார்) பிரேக் லீவரும் கியர் ஷிஃப்டரும் ஒரே உருப்படி. ஹைட்ராலிக்குக்குப் போனால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும், வெள்ளி அங்கேதான் கரையும்.

2010இல் உலக சைக்கிள் அமைப்பான யூசிஐ சைக்ளோகிராஸ் போட்டிகளில் டிஸ்க்கை அனுமதித்தது. ஆனால் நம் பினாங்கில் சேற்றுப் போட்டிக்காக யாரும் இந்தச் சைக்கிளை வாங்குவதில்லை. அக்கரையில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை, இக்கரையில் துன் சார்டோன் சாலை வழியாக பாலிக் பூலாவ் இறக்கம், இடையில் கொட்டும் மழை. நமக்கு வேண்டியது இவ்வளவுக்கும் தாங்கும் பிரேக்.

என் கணிப்பில், கேபிள் டிஸ்க் மீது வரும் புகாரில் பெரும்பகுதி தட்டைப் பிடிக்கும் கேலிப்பரின் குற்றமே இல்லை, கேபிளை மூடிய உறையான ஹவுசிங்கின் குற்றம். சாதாரண பிரேக் ஹவுசிங்குக்குள் கம்பி ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும். லீவரை இழுத்தால் அந்தச் சுருள் அமுங்கும். முன்பிரேக்குக்கு நீளம் குறைவு, அவ்வளவாகத் தெரியாது. பின்பிரேக்கைப் பாருங்கள்: பார் டேப்புக்கு அடியில் ஒரு வளைவு, ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவு, செயின்ஸ்டே (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்) ஓரத்தில் இன்னொன்று. விரலின் பலத்தில் ஒரு பங்கை ஹவுசிங்கே தின்றுவிடும். லீவர் பாரைத் தொட்டுவிடும், சக்கரம் மட்டும் உருண்டுகொண்டே இருக்கும். பழி கேலிப்பர் தலையில்.

கம்பிகள் நீளவாக்கில் ஓடும் கம்ப்ரஷன்லெஸ் பிரேக் ஹவுசிங்கைப் போட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள். லீவரிலிருந்து கேலிப்பர் வரை இடையில் வெட்டாமல் ஒரே துண்டாக ஓட்டச் சொல்லுங்கள், மழைத்தண்ணீர் உள்ளே இறங்க வழி குறையும். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று கியர் ஹவுசிங்கை மட்டும் பிரேக்குக்குப் போட்டுவிடாதீர்கள். அழுத்தம் தாங்காமல் வெடித்துவிடும்.

சரி, கேலிப்பர். அவிட் பிபி7 போன்றவற்றில் ஒரு பக்கத்துப் பேட்தான் (தட்டைக் கவ்வும் கட்டை) நகரும். அது ரோட்டரை, அதாவது அந்தத் தட்டை, வளைத்து, அசையாத அடுத்த பேடில் கொண்டுபோய் அழுத்தும். டிஆர்பி ஸ்பைரில் இரண்டு பேடும் சேர்ந்து வந்து பிடிக்கும், ரோட்டர் வளையத் தேவையில்லை. நான் இரண்டாவது வகைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். பழைய பிபி7 மலிவாகக் கிடைத்தால் ஒன்று பாருங்கள்: அதில் ரோடு, மவுண்டன் என இரண்டு வகை உண்டு. டிராப் பார் லீவர் இழுக்கும் கேபிள் நீளம் குறைவு, அதனால் மவுண்டன் வகை அதற்கு ஒத்துவராது. கேபிளுக்கும் ஹைட்ராலிக்குக்கும் நடுவில் டிஆர்பி ஹைரோடு: லீவரிலிருந்து கேபிள், கேலிப்பருக்குள் எண்ணெய். பேட் தேய்மானத்தை அதுவே சரிசெய்துகொள்ளும். சோம்பேறிகளுக்கு ஏற்றது (நானும் அந்தக் கட்சிதான்).

பேட் தேய்ந்ததும் பலரும் கேபிளைத்தான் இறுக்குகிறார்கள். அப்படிச் செய்தால் கேலிப்பரின் கை பாதி வழியிலேயே நின்றுவிடும், மிச்சம் இழுக்க இடம் இருக்காது. கேபிளைத் தொடாமல் பேடை உள்ளே தள்ளுங்கள். ஸ்பைரில் இரு பக்கமும் 3 மிமீ ஆலன் கீ, பிபி7இல் சிவப்புத் திருகு. தீத்தி கெராவாங் பக்கம் ஓரங்கட்டி டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை. ஹைட்ராலிக் மாதிரி ஏர் எடுக்க வேண்டாம், ஆயில் தேட வேண்டாம். கேபிளை நான் விடாமல் வைத்திருப்பதே இதற்காகத்தான்.

பேட் விஷயத்தில் ரெசின் (பிசின் கலவை) சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் மணல் கலந்த மழைத்தண்ணீரில் மளமளவென்று தேயும். மெட்டல் பேட் நீண்ட நாள் உழைக்கும், ஈரத்தில் கத்தும். தோட்டப் பாதைக்கு மெட்டல்தான் என் தேர்வு. ஆனால் வாங்குவதற்கு முன் உங்கள் ரோட்டரைப் பாருங்கள். 'ரெசின் பேட் ஒன்லி' என்று அதில் பொறித்திருந்தால், முதலில் ரோட்டரைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.