டர்னரின் இரவுக் கடல்

கடலின் வலிமையைக் காட்டும் ஓவியங்கள் என்று பேச்செடுத்தாலே ரஷ்ய ஓவியர் ஐவசோவ்ஸ்கியின் ‘ஒன்பதாம் அலை’தான் முதலில் பகிரப்படுகிறது. 1850-இல் தீட்டப்பட்டு, இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கும், மூன்று மீட்டருக்கும் மேல் அகலமான அந்த ஓவியத்தின் மீது எனக்கும் மதிப்பு உண்டு. கடலை எதிரே வைத்துக்கொண்டு அலையின் அசைவைப் பிடிக்க முடியாது என்று நம்பி, நினைவிலிருந்தே வரைந்தவர் அவர். ஒளி ஊடுருவும் அந்தப் பச்சை அலையை வேறு யாராலும் அப்படித் தீட்டியிருக்க முடியாது. ஆனால் அதில் இரவு முடிந்துவிட்டது. பாய்மரத் துண்டைப் பற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு எதிரே சூரியன் எழுந்துவிட்டது. பார்ப்பவரின் அச்சத்தில் பாதி அங்கேயே கரைந்துவிடுகிறது.

இரவுக் கடலின் ஆற்றலை அறிய ஆங்கில ஓவியர் டர்னரின் ‘கடலில் மீனவர்கள்’ ஓவியத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். 1796-இல், இருபத்தொரு வயதில், லண்டனின் கலை நிறுவனமான ராயல் அகாடமியில் அவர் காட்சிக்கு வைத்த முதல் எண்ணெய் வண்ண ஓவியம் அது. நிலவொளிக் கடல் அன்று புதிய பொருள் அல்ல. பிரான்சின் ஓவியர் வெர்னே அதில் முன்பே பெயர் பெற்றிருந்தார். டர்னரின் துணிச்சல் வேறிடத்தில் இருக்கிறது. அவர் புயலையோ உடைந்த கப்பலையோ வரையவில்லை. இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவின் நீடில்ஸ் பாறைகள் இடப்புறம் கருத்து நிற்க, மேகத்தின் இடைவெளியில் வந்த நிலவின் கீழே கடல் பொங்கித் தாழ்கிறது. அதன்மேல் ஒரு சிறு படகில் விளக்கு எரிகிறது. செம்மஞ்சளான அந்த வெளிச்சம் படகைத் தாண்டி எதையும் காட்டுவதில்லை. குளிர்ந்த நிலவோ அலையையும் பாறையையும் காட்டுகிறதே தவிர, யாருக்கும் உதவுவதில்லை.

பாதுகாப்பான தொலைவிலிருந்து காணும் ஆபத்து ஒருவகை இன்பம் தரும் என்று 1757-இல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் எழுதினார். உணர்ச்சிக்கும் இயற்கையின் பேராற்றலுக்கும் முதலிடம் தந்த ரொமாண்டிக் காலக் கடலோவியம் பெரும்பாலும் அந்த இன்பத்தை நம்பியே நிற்கிறது என்ற குறையை நான் மறுக்க மாட்டேன். ஆனாலும் டர்னரின் மனிதர்கள் மீட்புக்காகக் காத்திருப்பவர்கள் அல்லர்; அவர்கள் தொழில் செய்கிறார்கள், மறுநாள் இரவும் இதே நீருக்கு வருவார்கள். வேலைக்கு நடுவே இருக்கும் அந்த ஆபத்துதான் என்னை அதிகம் உலுக்குகிறது.

இணையத்தில் சுற்றும் இந்த ஓவியத்தின் சில பிரதிகளில், பாறைகள் தெளிவாகத் தெரியட்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அவற்றைப் பகிராதீர்கள். பிரிட்டனின் டேட் கலைக் காட்சியகத்தின் இணையதளத்தில் உள்ள படத்தை, அறை விளக்கைக் குறைத்துவிட்டுப் பாருங்கள்.