சீல் அடித்தால் நெஞ்சு சரியாகிவிடுமா?

பாடசாலை விளையாட்டுக் காலம் வந்தால் யாழ்ப்பாணத்தில் மருத்துவச் சான்றிதழ் எடுக்கிற ஓட்டமும் தொடங்கிவிடும். இல்ல மெய்வல்லுநர் போட்டி முடிந்து பிள்ளை வலய மட்டத்துக்குத் தெரிவானதும் "நாளைக்குக் காலமை மெடிக்கல் கொண்டு வா" என்று ஒரு தாளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நாளைக்கு! பிள்ளை ரியூசன் முடிந்து வீடு வரவே இருட்டிவிடும். அதற்குப் பிறகு எந்த டிஸ்பென்சரி திறந்திருக்கிறது என்று தேடி அலைய வேண்டும்.

அந்தத் தாளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பெயர், பிறந்த திகதி, பாடசாலை, போட்டி. கீழே ஒரே ஒரு வரி, மேற்படி மாணவர் விளையாட்டில் பங்குபற்ற உடற்தகுதி உடையவர் என்று. பிறகு கையொப்பம், சீல். பிரசர் எவ்வளவு என்று எழுத ஒரு கட்டம் இல்லை. ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்தாயா என்ற கேள்வி இல்லை.

என் மகனைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் நடந்தது இதுதான். வைத்தியர் தலை நிமிரவில்லை. "என்ன ஈவன்ற்?" "ஆயிரத்தைஞ்ஞூறு, டொக்டர்." "வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே?" "இல்லை." சீல் விழுந்தது. குழாய் அவருடைய கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது, பிள்ளையின் நெஞ்சுக்கு அது வரவே இல்லை. காசைக் கட்டிவிட்டு வெளியே வந்தால், வாசலில் ஓர் ஆசிரியர் பெரிய கடித உறையோடு நிற்கிறார். உள்ளே ஒரு முழு அணியின் தாள்கள். பிள்ளைகள் ஒருவரும் கூட வரவில்லை. அவர் உள்ளே போன வேகத்திலேயே திரும்பி வந்தார், எல்லாத் தாளிலும் சீல் இருந்தது.

மோட்டார் சைக்கிளுக்கு வருடாவருடம் புகைப் பரிசோதனை செய்யாமல் வரிப்பத்திரம் எடுக்க முடியாது. வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டுப் புத்தகத்தை மட்டும் கொண்டுபோய் நீட்டினால் துரத்திவிடுவார்கள். பங்குனி வெயிலில் தார் ரோட்டில் மரதன் ஓடப்போகிற பிள்ளைக்கு மட்டும் அந்த ஒழுங்கு வேண்டாமா?

2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பாடசாலை மரதனில் ஓடிய 16 வயது மாணவன் உயிரிழந்தான். அன்று ஊரே கொதித்தது. அந்தச் சாவுக்குக் காரணம் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் அந்தச் செய்தியை வாசித்த எந்த அதிபரும், எந்த விளையாட்டு ஆசிரியரும் அடுத்த வருடம் அதே ஒற்றை வரித் தாளைப் பிள்ளையிடம் நீட்ட மனம் வந்திருக்கக்கூடாது. நீட்டுகிறார்கள்.

"எல்லாப் பிள்ளைக்கும் ஈ.சி.ஜி., எக்கோ எடுக்க நாட்டில் வசதி இருக்கோ?" என்று உடனே கேட்பார்கள். இத்தாலியில் 1982ஆம் ஆண்டிலிருந்து சட்டம் போட்டு விளையாட்டு வீரர்களுக்கு ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். அங்கே வெனெற்றோ பகுதியில் வீரர்களின் திடீர் இருதயச் சாவு 89 வீதம் குறைந்ததாக 2006இல் வந்த ஆய்வு சொன்னது. சரி, எல்லாருக்கும் ஈ.சி.ஜி. தேவையா என்று வைத்தியர்களுக்குள்ளேயே வாதம் இருக்கிறது, அதை விடுவோம். விளையாட விடுவதற்கு முன் பார்க்கச் சொல்லி அமெரிக்க இருதய சங்கம் போட்ட பட்டியலில் இருப்பது 14 விடயங்கள். ஏழு பிள்ளையைப் பற்றிய கேள்விகள், மூன்று குடும்பத்தைப் பற்றியவை, நான்கு உடம்பில் பார்க்க வேண்டியவை. அதற்கு வேண்டியதெல்லாம் ஒரு குழாய், ஒரு பிரசர் பட்டி, கொஞ்ச நேரம். இது மூன்றும் இல்லாத டிஸ்பென்சரி யாழ்ப்பாணத்தில் எங்கே இருக்கிறது?

ஓடும்போது நெஞ்சு நோகுமா? ஓட்டத்தின் நடுவே மயக்கம் வந்ததா? மற்றப் பிள்ளைகளை விட அதிகமாக மூச்சு வாங்குமா? குடும்பத்தில் யாராவது 50 வயதுக்கு முன் திடீரென்று இறந்தார்களா? இவ்வளவு கேட்டாலே பாதிப் பரிசோதனை முடிந்துவிடும். இருதயத் தசை தடிக்கும் பரம்பரை நோய் ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு. வெளியில் ஒன்றும் தெரியாது. கமரூன் உதைபந்தாட்ட வீரர் மார்க் விவியன் ஃபோ 2003இல் மைதானத்திலேயே விழுந்து இறந்தபோது அவருக்கு இருந்தது இந்த நோய்தான். பிள்ளையை எழுந்து நிற்க வைத்துக் குழாய் வைத்தால் இந்த நோயின் முணுமுணுப்புச் சத்தம் கூடிக் கேட்கும். கதிரையில் இருந்தபடி சீல் அடித்தால் எதுவும் கேட்காது.

குடும்பத்தைப் பற்றிய கேள்வியைப் பிள்ளையிடம் கேட்டுப் பயனில்லை. எங்கள் ஊரில் ஒரு குடும்பம் ரொறன்ரோ, லண்டன், கொழும்பு என்று சிதறிக் கிடக்கிறது. அப்பப்பாவின் தம்பி எப்படிச் செத்தார் என்று பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எங்கே தெரியும்? அம்மம்மாவுக்குத்தான் தெரியும். "நல்லா நீந்துறவன், என்னண்டு தாண்டான் எண்டு இண்டைக்கும் விளங்கேல்லை" என்று அவர் சொல்லுகிற ஒரு கதைக்குள் இருதயத் துடிப்பின் பரம்பரைக் கோளாறு ஒளிந்திருக்கலாம். அதனால்தான் காரணம் தெரியாமல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் உண்டா என்று நல்ல படிவங்களில் தனியாகக் கேட்பார்கள். அந்தப் படிவம் வீட்டுக்கு வர வேண்டும், இரண்டு மூன்று நாள் வீட்டில் இருக்க வேண்டும், தொலைபேசி எடுத்து மாமியிடம் கேட்க அவகாசம் வேண்டும். "நாளைக்குக் காலமை" என்றால் இதில் ஒன்றும் நடக்காது.

பெண் பிள்ளைகளின் பாடு இன்னும் மோசம். இரத்தச்சோகையில் ஒரு பிள்ளை இரண்டாவது சுற்றிலேயே தளர்ந்துவிடுவாள். பயிற்சியில் அவளுக்குக் கிடைக்கிற பெயர் சோம்பேறி. கீழ் இமையை இழுத்துப் பார்த்தாலே சந்தேகம் வந்துவிடும், அதைக்கூடப் பார்ப்பதில்லை. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்க வேண்டும், அதை ஆசிரியரும் வரிசையில் நிற்கிற பெடியன்களும் கேட்கும்படியாகக் கேட்கக்கூடாது. கதவைச் சாத்தி, தாயை உள்ளே வைத்துக் கேட்க எவ்வளவு நேரம் போய்விடும்?

பெற்றோரிடமும் எனக்குக் கோபம் இருக்கிறது. தொய்வு இருக்கிற பிள்ளையிடம் "சொல்லிப்போடாதை, ரீமால எடுத்துப்போடுவினம்" என்று சொல்லி, இன்ஹேலரைப் பையின் அடியில் ஒளித்து அனுப்புகிறவர்களை எனக்குத் தெரியும். தடகளத்தில் தேசிய மட்டச் சான்றிதழ் பல்கலைக்கழகம் வரை உதவும் என்ற ஆசை எனக்கும் விளங்கும். ஆனால் பரிசோதனை பிள்ளையை வெளியே தள்ளுவதற்கு இல்லை. தொய்வு இருக்கிற பிள்ளை மருந்தை ஒழுங்காக எடுத்தால் ஓடலாம். டென்மார்க்கின் உதைபந்தாட்ட வீரர் கிறிஸ்ரியன் எரிக்சன் 2021இல் கொப்பன்ஹேகன் மைதானத்தில் இருதயம் நின்று விழுந்தவர், நெஞ்சுக்குள் கருவி பொருத்திக்கொண்டு அடுத்த வருடமே திரும்ப விளையாட வந்தார். ஒளித்து வைத்தால்தான் ஆபத்து.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருந்து பாடசாலைக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கிற முறை எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தரம் 1, 4, 7, 10. உயரம், நிறை, கண், பல் எல்லாம் பார்ப்பார்கள், நல்ல விடயம். ஆனால் உயிரைக் கொடுத்து ஓடுகிற உயர்தரப் பிள்ளை இந்தக் கணக்குக்குள் வரவே மாட்டான். போட்டிக்கு ஆறு வாரம் முன்னராவது பார்க்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர்கள் சொல்கிறார்கள். சந்தேகம் வந்தால் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பிக் கிளினிக் திகதி எடுக்கவும், முழங்கால் காயத்துக்குச் சிகிச்சை முடிக்கவும் அந்த அவகாசம். தை, மாசியில் போட்டி என்றால் கார்த்திகையிலேயே பார்த்து முடித்திருக்க வேண்டும். எந்த மாதத்தில் போட்டி என்று பாடசாலைக்கு முதல் வருடமே தெரியும்.

பெற்றோர் கூட்டத்தில் இதை எழுந்து கேட்டேன். "மேலிடத்துச் சுற்றறிக்கை வரட்டும், பாப்பம்" என்றார்கள். கேள்விப் படிவத்தை ஒரு பக்கத்தில் அடித்துப் பிள்ளையின் கொப்பிக்குள் வைத்து வீட்டுக்கு அனுப்ப எந்தச் சுற்றறிக்கை வேண்டும்? பழைய மாணவர் சங்கத்தில் எத்தனை வைத்தியர்கள் இருக்கிறார்கள்! மைதானத்துக்குப் பவிலியன் கட்டக் காசு கேட்கிற அதே கடிதத்தில், ஒரு சனிக்கிழமை வந்து பிள்ளைகளைப் பாருங்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். வரமாட்டோம் என்று யார் சொல்லப்போகிறார்கள்?